முந்நூற்றெழுபத்தைந்தும் வாளைக் கருவாடும்

1957 செப்டம்பர் 9, திங்கள்

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால், "பாட்டரியத் தீத்துப் போட்டியே, மாடு வந்தா எத வச்சுப் பாக்க?" என்பாள். மாடு வந்தால் நான் பார்க்கவே போவதில்லை. எழுதிக்கொண்டிருந்தால் வெளியே கேட்கிற சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாடு என்னைக் கொன்றுவிட்டு இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் தெரியட்டும்: என் பெயர் எப்சிபா. மூன்றாம் பாரம் படிக்கிறேன். அப்பா ஏசுவடியான், இந்த மூங்கிலாறு டீ எஸ்டேட்டில் பெரிய கிளாக்கர். அம்மா அன்னப்பழம். எங்களுக்குச் சொந்த ஊர் கீழே, கடல் பக்கம்.

இன்று காலையில் காட்டுமாடு எஸ்டேட் மானேஜர் லோபோ துரையின் மோட்டார் சைக்கிளைக் கொம்பால் தூக்கி ஓடையில் போட்டது. துரை அதற்கு முன்பே குதித்துவிட்டார். குதித்த இடத்தில் கல் இருந்தது. வலது கை முறிந்துவிட்டது.

ஒரு மாதமாகவே இந்த ஒற்றை மாடு ஒன்பதாம் நம்பர் தேயிலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஒன்பதாம் நம்பர் என்பது எங்கள் வீட்டு வேலிக்கு அப்புறம்தான். கொழுந்து பறிக்கிறவர்கள் அங்கே கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் துரை கையைத் தூளியில் தொங்கப் போட்டபடி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் காட்டுமாட்டுக் கொம்பைப் பார்த்தார்.

"கிளாக்கர், இது நீ சுட்டதுதானே?"

அப்பா கொம்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "சின்ன வயசுல, சார்" என்றார்.

"வெரி குட். இதையும் நீயே சுடு."

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். முன்பு வேலை பார்த்த எஸ்டேட்டில், ஒரே குண்டு, நெற்றிப் பொட்டில். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாடு ஐம்பது கஜத்தில் நின்றது. போன வருஷம் அதன் மூச்சு அப்பாவின் முகத்தில் பட்டது. ஒட்டடை அடிக்கும்போது கொம்பின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பெயின்டில் இங்கிலீஷில் 'லாட் 14' என்று எழுதியிருக்கும். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரைகளின் மேஜை நாற்காலிகளை ஏலம் விட்டபோது அவற்றிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. கொம்பு தொலைந்துவிடக் கூடாதென்று அப்பாவே எழுதி வைத்திருப்பார்.

கருவாட்டுத் தண்ணீரை இன்றும் நான்தான் கொட்டினேன். வேலைகளிலேயே எனக்குப் பயமான வேலை அதுதான். ஊரிலிருந்து ஓலைப்பெட்டியில் வாளைக் கருவாடு வரும். மீனை விட உப்பு அதிகம். அம்மா தினமும் அதை ஊறவைத்துக் கழுவுவாள். முன்பெல்லாம் அடுக்களை ஓரத்திலேயே கொட்டிவிடுவோம். பாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் சென்னியப்பன் மாமா அப்பாவோடு பேச வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங் கிளாக்கரய்யா, ஊட்டுக்குள்ள கடலையே கொண்டாந்து வெச்சிருக்கறீங்களாட்டம்" என்று சொல்லவும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடி மாசத்திலிருந்து வேலியைத் தாண்டிப் போய், ஒன்பதாம் நம்பர் ஓரத்தில் இருக்கிற கொய்யா மரத்தடியில் கொட்டிவிட்டு வர வேண்டும். கொட்டுவேன், ஓடி வந்துவிடுவேன்.

செப்டம்பர் 11, புதன்

எங்கள் வீட்டுத் துப்பாக்கி பன்றி விரட்டத்தான் ஆகும். அதால் சுட்டால் காட்டுமாட்டுக்குக் கொசு கடித்தது போல இருக்குமாம். அதனால் எஸ்டேட் செலவில் புது ரைஃபிள் வாங்கப் போகிறார்கள். துரை, "எந்தத் தோட்டா என்று முதலில் நீ சொல்லு. தோட்டாவுக்கு ஏத்த மாதிரிதான் துப்பாக்கி" என்று பொறுப்பை அப்பாவிடம் விட்டிருக்கிறார். கலெக்டர் ஆபீஸ் அனுமதியும் வந்துவிடுமாம். எஸ்டேட் எல்லைக்குள் மட்டும் சுடலாம். நம் எல்லை ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சர்க்கார் காடு.

சென்னியப்பன் மாமா வேட்டைப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிக்கிறவர். ஒன்றையும் சுட்டதில்லை. அதை அவரே சொல்லிவிடுவார். இன்று ஒரு கட்டுப் பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தார்.

தோட்டாவுக்கு நம்பர்தான் பெயர். முந்நூற்றுப் பதினெட்டு, முந்நூற்றெழுபத்தைந்து என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டு, குழாயின் அகலம் அதில் எத்தனை பங்கு என்று கணக்கு. மானுக்குச் சின்னது, யானைக்குப் பெரியது, காட்டுமாட்டுக்கு நடுத்தரம். அந்த நடுத்தரத்திலேயே ஒரு டஜன் இருக்கிறது.

"முந்நூத்திப் பதினெட்டுதானுங்க சரி. குண்டு சன்னமா நீளமா இருக்கோணும். கோணி ஊசியாட்டம் உள்ளார போயிருமுங்க" என்றார் மாமா.

"கோணி ஊசியால குத்தினா மாடு சாவுமா வே? சாக்குதான் தைக்கலாம். கடப்பாரை வேணும். முந்நூத்தி எழுவத்தஞ்சு!" என்றார் அப்பா.

"கடப்பாரையைத் தூக்கிச் சுமக்கறது ஆருங்க?"

ஒன்பது மணி வரைக்கும் இதுதான். முடிவானால் துப்பாக்கி வரும். துப்பாக்கி வந்தால் அப்பா போவார். அப்பாவுக்குப் பூரான் வந்தாலே அம்மாவைத்தான் கூப்பிடத் தெரியும்.

செப்டம்பர் 12, வியாழன்

முடிவாகவில்லை. ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சென்னியப்பன் மாமா பெருமூச்சு விட்டு, "சரிங்க, உங்க இஷ்டம். முந்நூத்தி எழுவத்தஞ்சே எழுதிருங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் காப்பி கொண்டு போனேன். பயத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அப்பா, அவ்வளவு கனமான குண்டுன்னா துப்பாக்கி பின்னால இடிக்காதா? உங்களுக்குத்தான் தோள்பட்டை வலி இருக்கே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதானுங்க! அம்மணி கேட்டதுல நாயம் இருக்குதுங்க. இடிச்சா குறி தப்பீரும். அதுக்குத்தான் நான் பதினெட்டுங்கறேன்!" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இடிக்குப் பயந்தவன் வேட்டைக்குப் போவானா வே?" என்று அப்பா குரலை உயர்த்தினார். மறுபடி பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியவர்கள் பேச்சில் தலையிட்டதற்கு அடி விழும் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அப்பா தன் தட்டிலிருந்த வாளைத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

செப்டம்பர் 20, வெள்ளி

எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. அவர்கள் பேசிக்கொண்டே இருக்கிற வரைக்கும் அப்பா உயிரோடு இருப்பார். ஆனால் பேசுவதற்கு விஷயம் வேண்டுமே. மாமா விட்டுப் போன பத்திரிகைகளை எடுத்து வந்து அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். நாளை பூகோளப் பரீட்சை. தென் அமெரிக்காவின் ஆறுகள் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. முந்நூற்றுப் பதினெட்டின் குண்டு எடை இருநூற்றைம்பது கிரெய்ன், எழுபத்தைந்தின் குண்டு முந்நூறு கிரெய்ன் என்பது மட்டும் ஏறிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் கொய்யா மரத்தடியில் என்னவோ பெருமூச்சு விட்டது மாதிரி இருந்தது. பானையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். காலையில் போய் எடுத்து வந்தேன். அம்மா பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி எப்சி, நீயா கழுவுன? கண்ணாடி கணக்கா இருக்கே! இப்படித்தான் தினமும் கழுவணும்."

நான் கழுவவில்லை. ஆனால் பாராட்டை வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று நான் 'ஒன்பது புள்ளி மூன்று' என்ற ஜெர்மன் தோட்டாவைப் பற்றிக் கேட்டேன். அது மில்லிமீட்டர் கணக்கு. இரண்டு பேருக்கும் அங்குலக் கணக்குத்தான் பழக்கம். மில்லிமீட்டரை அங்குலமாக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பாவுக்கு ஒரு விடை, மாமாவுக்கு ஒரு விடை வந்தது. எனக்கு வந்தது மூன்றாவது விடை. அதுதான் சரி. நான் சொல்லவில்லை.

கடைசியில் ஜெர்மன் தோட்டா மெட்ராஸில் லேசில் கிடைக்காது என்று தள்ளிவிட்டார்கள். கிடைக்காது என்பதற்காகவே அதை எழுதலாமே என்று அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "கிடைக்காட்டி மாட்டை எதுலீங்க சுடறது?" என்று மாமா கேட்டதும் இருமினார்.

ராத்திரி ஜெபத்தில் அப்பா ஊழியர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபித்துவிட்டு, "ஆண்டவரே, இந்த வாயில்லா ஜீவனுக்கு நல்ல புத்தியக் கொடும். அது வேற எங்கயாவது போய் நல்லா இருக்கட்டும்" என்றார். அம்மா எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.

செப்டம்பர் 28, சனி

இன்றைய கேள்வி நான் கொடுத்ததில்லை. அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். குண்டின் முனையில் ஈயம் தெரிய வேண்டுமா, அல்லது முனையையும் செம்புத் தகட்டால் மூட வேண்டுமா? ஈய முனை பட்டதும் பூவாய் விரியும். மூடிய முனை விரியாமல் எலும்பை உடைத்துக்கொண்டு ஆழமாகப் போகும்.

ஈய முனை எப்படி விரியும் என்று காட்ட, மாமா அடுக்களையிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துச் சுவரில் எறிந்தார். விரிந்தது. மூடிய முனைக்கு அப்பா வேகாத கிழங்கை எறிந்தார். அது விரியவில்லை. ஆண்டவர் படத்தின் கண்ணாடிதான் விரிந்தது.

அம்மா அகப்பையோடு வந்தாள். "மாட்டச் சுடுங்கன்னா என் வீட்டச் சுடுதீங்களா? ஏங்க, நீங்க ரெண்டு பேரும் பேசியே அந்த மாட்ட வயசாக்கிச் சாகடிச்சிருவீங்க போல!"

அப்பாவின் முகம் ஒரு நிமிஷம் பிரகாசமானது. "காட்டுமாடு எத்தன வருஷம் இருக்கும் வே?" என்று மாமாவைக் கேட்டார்.

அக்டோபர் 3, வியாழன்

கொய்யா மரத்தடியில் குளம்புத் தடம். என் இரண்டு கையையும் சேர்த்து வைத்தாலும் தடம் வெளியே தெரிகிறது. மண்ணை யாரோ கரண்டியால் சுரண்டியது போலக் குழி. இனிமேல் நான் அங்கே போக மாட்டேன் என்று சொன்னேன். "போவாம? நாத்தம் வந்தா டீமேக்கர் மாமா மூக்கப் பொத்துவாரு. அப்பாவுக்குக் கோவம் வரும்" என்றாள் அம்மா. போனேன்.

அக்டோபர் 7, திங்கள்

லோபோ துரைக்குப் பொறுமை போய்விட்டது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாரமாக எழுபத்தைந்து என்பது உறுதி. ஆனால் எழுபத்தைந்திலேயே இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றுக்கு அடியில் தட்டு மாதிரி வெளியே நீட்டிய விளிம்பு இருக்கும். இன்னொன்றுக்கு விளிம்பு கிடையாது, அடியைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி ஒரு பட்டை மட்டும் இருக்கும். இது பத்திரிகையின் பொடி எழுத்தில் இருந்தது. கேட்டது நான்தான்.

அப்பாவே அழகாக விளக்கினார். விளிம்பு வைத்த காப்பி டம்ளரை எடுத்து, அதைவிடக் குறுகலான ஒரு டப்பாவுக்குள் இறக்கினார். விளிம்பு தட்டி மேலேயே நின்றது. "பாத்தீரா வே? விளிம்பு உள்ளதுன்னா அதுக்குன்னு செஞ்ச துப்பாக்கி வேணும். பட்டைக்குச் செஞ்சதுல இத வச்சா இப்பிடித்தான் நிக்கும். பூட்டு மூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும்." எனக்கு நன்றாக விளங்கியது.

அந்த நேரத்தில்தான் துரை உள்ளே வந்தார். கட்டுப் போட்ட கையால் மேஜையைத் தட்டப் போய், வலித்து, இடது கையால் தட்டினார்.

"போதும்! ஒரு மாசம்! டீமேக்கர், நீ ரைஃபிள் எழுது. கிளாக்கர், நீ தோட்டா எழுது. நாளைக்குத் தபால்ல போகணும். இனிமே இந்த வீட்ல பேச்சு கிடையாது!"

சென்னியப்பன் மாமா அங்கேயே உட்கார்ந்து, பட்டைத் தோட்டா போடுகிற ரைஃபிளை எழுதினார். அப்பா அதை எட்டிப் பார்த்தார். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்து, விளிம்புள்ள தோட்டாவை எழுதினார். நான் காப்பி டம்ளர்களை எடுக்கும்போது பார்த்தேன்.

அப்பாவுக்கு ஞாபகமறதி. டம்ளர் இன்னும் அவர் முன்னால்தான் இருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. துரை பங்களா வாசலில் எஸ்டேட்டே கூடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் போய் நின்றேன். ரைஃபிள் அழகாக இருந்தது. எண்ணெய் வாசனை அடித்தது. சென்னியப்பன் மாமா அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே வைத்தார். அழுத்தினார். பூட்டு மூடவில்லை. இன்னொன்றை வைத்தார். மூடவில்லை.

"அடடா" என்றார் அப்பா. "விளிம்பு வந்திருக்கே."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங் கிளாக்கரய்யா! டம்ளரை வெச்சு எனக்குச் சொன்னதே நீங்கதானுங்களே!"

"வயசாகுது வே. திருப்பி அனுப்பிட்டு வேற எழுதணும். வர ஒரு மாசமாவது ஆகும். அதுக்குள்ள கிறிஸ்துமஸ் வேலை வந்துரும்." அப்பாவை இவ்வளவு சுறுசுறுப்பாக நான் பார்த்ததே இல்லை.

துரை தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "கவலைப்படாதே, கிளாக்கர். பக்கத்து எஸ்டேட் துரைகிட்ட பட்டை வச்சது ஒரு பெட்டி இருக்கு. இப்பவே ஆள் அனுப்பறேன். சனிக்கிழமை காலையில சுடறே."

அப்பா மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்டோபர் 24, வியாழன்

அப்பா சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது, ஊரில் பெரியப்பா வீட்டு விலாசம் என்ன என்றெல்லாம் சொன்னார். "சும்மா சொல்லுதேன். நீயும் தெரிஞ்சிக்கிட வேண்டாமா?" என்றார். அம்மா அடுக்களையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னு சொன்னா என்ன, உங்க கிரீடம் கழந்திருமா?" என்றாள்.

"அந்தக் கொம்ப மாட்டி வச்சிக்கிட்டு எந்த வாயால முடியாதுன்னு சொல்லுவேன்?"

"அதக் கழத்தி அடுப்புல போடுதேன்."

"போடு. வருஷா வருஷம் கதை கேட்ட முந்நூறு பேரையும் எங்க போட?"

இந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பானையை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனேன். கொட்டினேன். நிமிர்ந்தால், தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கறுப்புச் சுவர். சுவருக்குக் கண் இருந்தது. பானையை விட்டுவிட்டு எப்படி வேலியைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அது மெதுவாக வந்தது. கால்கள் மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல இருந்தன. குனிந்தது. நான் கொட்டிய இடத்தை நக்கியது. மண்ணோடு சேர்த்து நக்கியது. பிறகு பானைக்குள் மூக்கை விட்டு, நீளமான நாக்கைச் சுழற்றிச் சுழற்றி நக்கியது. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. பாயசக் கிண்ணத்தை வழிக்கிறபோது அப்பாவுக்கும் அப்படித்தான் கண் மூடும்.

அம்மா பாராட்டிய பானையைக் கழுவியது யாரென்று தெரிந்துவிட்டது.

ஆடி மாசத்திலிருந்து அதற்கு உப்பு கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். மாடு ஆடி மாசத்தில்தான் வந்தது. துரையின் கையை முறித்தது எங்கள் வீட்டு வாளைக் கருவாடு. இதை வெளியே சொன்னால் அப்பாவுக்கு வேலையே போய்விடும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை அப்பா போய்விடுவார். அதோடு, அதைச் சுடுவது எனக்கு இப்போது பிடிக்கவில்லை. அது பானையை உடைக்காமல் நக்கியது.

அக்டோபர் 25, வெள்ளி

எழுத்து கோணலாக இருக்கும்.

அம்மா துவைக்கிற கல்லுக்குப் போனபோது ஓலைப்பெட்டியின் அடியில் கிடந்த உப்பையெல்லாம் வாரிப் பானையில் போட்டேன். போதாது என்று தோன்றியது. உப்புச் சாடியையும் கவிழ்த்தேன். நாலைந்து கருவாட்டுத் தலையும் போட்டுக் கலக்கினேன். ஓடைக்கு நடந்தேன். வீட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம் என்று நினைத்தேன். பாதி வழியில் வெளிச்சம் நின்றுவிட்டது. இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். பயத்தில் நடுவில் முந்நூற்றெழுபத்தைந்து, முந்நூறு கிரெய்ன் என்று வந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

வழி நெடுக, பத்தடிக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீரைச் சிந்தினேன். கொய்யா மரத்திலிருந்து ஓடை வரைக்கும். ஓடையின் மேல் பாலமாக ஓர் அடிமரத்தைப் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்தே நகர்ந்து அந்தக் கரைக்குப் போனேன். எல்லாவற்றையும் அங்கே கொட்டினேன். கருவாட்டுத் தலை ஒன்று நம் பக்கத்துக் கரையிலேயே விழுந்துவிட்டது. திரும்பும்போது நின்று எடுக்கத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா, "எங்கட்டி போன?" என்றாள். "தமிழ் நோட்டு வாங்கப் போனேன்" என்றேன். கையில் பானை இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், பானையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

ஆண்டவரே, மாட்டுக்கு மூக்கு நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 26, சனி

அப்பா உயிரோடு இருக்கிறார். இப்போது பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். இவ்வளவு நல்ல குறட்டையை நான் கேட்டதே இல்லை.

காலையில் அப்பா காக்கி உடை போட்டார். பித்தான் அம்மாதான் போட்டுவிட்டாள். அப்பாவின் விரல் பித்தானுக்கு அகப்படவில்லை. பக்கத்து எஸ்டேட் தோட்டா சரியாக உள்ளே போய்விட்டது. பூட்டு 'டக்' என்று மூடியது. அந்த 'டக்' என் வயிற்றுக்குள் கேட்டது. என்னை வீட்டுக்குள் போட்டு அம்மா கதவைச் சாத்திவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் முழங்காலில் இருந்தோம். அம்மா ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள். நான் பார்த்ததால்தான் எனக்குத் தெரியும்.

வெடிச் சத்தமே கேட்கவில்லை.

நடந்ததைச் சாயங்காலம் சென்னியப்பன் மாமா வந்து சொன்னார். "ஒம்பதாம் நம்பர் முச்சூடும் தேடியாச்சுங்க. காணம். தடம் பார்த்துட்டே கிளாக்கரய்யா மின்னால போறாரு, நான் பின்னால. தடம் நேரா ஓடைக்குப் போகுது. பார்த்தா, அக்கரையில நிக்குது! யானைக்குட்டியாட்டம். மண்ணை நக்கீட்டு, எங்களைக் கண்டுக்கவே இல்லீங். சுடுங்க சுடுங்கங்கறன். இவரு துப்பாக்கியைக் கீழ எறக்கீட்டாரு!"

"சட்டம்னா சட்டம்தான் வே" என்றார் அப்பா. "ஓடை எல்லை. அது சர்க்கார் மாடு."

"நாம நின்னது எஸ்டேட்டுலதானுங்களே?"

"நாம இங்க நிக்கலாம். குண்டு அங்க போலாமா? குண்டுக்கு யாரு பெர்மிட் குடுத்தா?"

பின்னாலேயே வந்த லோபோ துரைக்கும் அது நியாயமாகப் பட்டதாம். கிளாக்கர் மாதிரி நேர்மையான வேட்டைக்காரரைப் பார்த்ததில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். கொழுந்து பறிக்கிறவர்கள், பெரிய கிளாக்கர் துப்பாக்கியைத் தூக்கினதுமே மாடு எல்லை தாண்டி ஓடிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

மாமா எழுந்து போகும்போது, "ஒண்ணுதானுங்க வெளங்கல. கரையில குனிஞ்சு என்னமோ எடுத்து ஜோப்புல போட்டுக்கிட்டாரு. கேட்டா, வேட்டைக்காரன் ரகசியங்கறாரு" என்றார்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு

கோவிலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்பில்லை. சோற்றில் உப்பில்லை. "சாடியில ஒரு கல்லு உப்பில்ல. மாயமா இருக்கு" என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே. அப்பா இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "நல்லா இருக்குளா" என்றார்.

துவைக்கப் போட்ட காக்கிச் சட்டையை அம்மா முகர்ந்து பார்த்தாள். ஜோப்புக்குள் கை விட்டாள். வாளைக் கருவாட்டுத் தலை ஒன்று வந்தது. அதைப் பூனைக்குப் போட்டுவிட்டு, தண்ணீரை ஊற்றித் துவைக்க ஆரம்பித்தாள்.

யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

அக்டோபர் 28, திங்கள்

இன்று துரை, "அது திரும்பி வந்தா? நமக்குன்னு சொந்தமா தோட்டா வேணும். சரியானதா எழுது" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். உடனே சென்னியப்பன் மாமா பத்திரிகைக் கட்டோடு வந்துவிட்டார்.

"இந்த வாட்டி பட்டை வெச்சதுங்க. மறந்துறாதீங்க."

"பட்டை சரி. முனை மூடினதா, ஈயமா? அவசரப்படக் கூடாது. ஏட்டி எப்சி, நீ என்ன சொல்லுத?"

இதுவரைக்கும் அப்பா என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. காப்பித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "ரெண்டுலயும் கொஞ்சம் வாங்கலாம்ப்பா. ஆனா எதுல எத்தனைன்னு யோசிக்கணும்" என்றேன்.

"யோசிக்கணும்!" என்று அப்பா தொடையைத் தட்டினார். மாமா பென்சிலைத் தீட்டினார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மாமா போய்விட்டார். நான் கருவாட்டுத் தண்ணீர்ப் பானையை எடுக்கப் போனேன். பானை இல்லை. அப்பா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவருகே நின்றார். துப்பாக்கி எடுத்துக்கொள்ளவில்லை.

"நீ இரு. ஓடை வரைக்கும் நான் போறேன்" என்றார். "பொம்பளப் பிள்ளை தனியா போற இடமா அது?"

அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். நல்ல இருட்டான பிறகுதான் அப்பா வந்தார். பானை இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார்.

"பானை எங்க?" என்றாள் அம்மா.

"அங்கயே வச்சிட்டு வந்துட்டேன். இன்னும் நக்கிக்கிட்டு இருக்கு. காலையில எடுத்துக்கிடலாம்." அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண் இன்னும் ஓடையிலேயே இருந்தது போல விரிந்திருந்தது. "எம்மாடி! பக்கத்துல பாத்தா எம்புட்டுப் பெருசுட்டி அது!"

பக்கத்தில் பார்ப்பது அப்பாவுக்கு இது இரண்டாவது தடவை அல்லவா என்று நான் கேட்கவில்லை.